ஏலக்காட்டுக் கூலியும் கல்லூரிச் சேர்க்கையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு, கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிப் பிள்ளைகள் பலர் கல்லூரிச் செலவுக்காகக் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஏறுகிறார்கள். மலைமேல் நாள்கூலி கூடுதல்தான். ஆனாலும் அந்தப் பணம் படிப்புக்குப் பயன்படாமல் போவதுண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் உழைப்புக் குறைவு அன்று, சேர்க்கை நாட்களைக் கவனிக்கத் தவறுவதே.

தேர்வு முடிவும் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பமும் வழக்கமாக மே மாதத்தில் வந்துவிடும். அந்நாட்களில் தோட்டத்திலேயே தங்கி, சிக்னல் கிடைக்காத சரிவில் களையெடுக்கும் மாணவருக்குக் கலந்தாய்வு அழைப்பு வந்ததே தெரியாமல் போகலாம். அரசுக் கல்லூரி இடம் கைநழுவித் தனியாரிடம் சேர நேர்ந்தால் கட்டணம் பல மடங்காகும். கோடை முழுவதும் உழைத்த கூலி அந்த வித்தியாசத்துக்கே போதாது. ஆகவே சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு மலையேறும் முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். கலந்தாய்வு நாளன்று வேலைக்கு வர இயலாது என்பதை மேஸ்திரியிடம் முதலிலேயே சொல்லிவிடவும் வேண்டும்.

இதற்கு அடுத்த பெரிய தவறு, முன்பணம் வாங்குவது. வீட்டு அவசரத்துக்கு அது உதவலாம். ஆனால் கணக்குத் தீரும்வரை ஊர் திரும்புவது கடினம். மழை தொடங்கி ஏலக்காய் எடுப்பு நெருங்கும்போது ஆள்தேவை கூடும், "இன்னும் பத்து நாள் இருந்துட்டுப் போப்பா" என்ற வற்புறுத்தலும் கூடும். கல்லூரி திறப்பதும் ஏறத்தாழ அதே பருவத்தில்தான். முன்பணம் வாங்காதவரே வேண்டிய நாளில் மலையிறங்க முடியும்.

ஜீப் வாடகை, சாப்பாடு ஆகியவை கூலியில் பிடிக்கப்படுமா என்பதை முதல் நாளே கேட்டு, வேலை செய்த நாட்களை ஒரு நோட்டில் குறித்துவருவது நல்லது.

கூலியை மட்டுமே நம்பி, உரிமையான உதவியை விட்டுவிடுவதும் தவறே. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. தொகை வங்கிக் கணக்குக்கே வருவதால், ஆதார் இணைத்த சொந்தக் கணக்கை இப்போதே தொடங்கிக்கொள்வது நலம்.

கூடுதல் கூலி தருவதாகச் சொன்னாலும், பிள்ளைகள் மருந்தடிக்கும் வேலையை ஏற்கவே கூடாது. பெற்றோரும் அதற்கு இசையக் கூடாது.