கிளட்ச் பெடல் உள்ளே அமிழ்ந்து போனால்

ஹைட்ரோலிக் கிளட்ச் (ஒயில் அழுத்தத்தால் இயங்குவது) உள்ள பழைய காரில் பெடல் திடீரெனத் தளர்ந்து, ரிவர்ஸ் கியர் கரகரவென்று உரசினால், கியர்பெட்டியைக் கழற்றச் சொல்பவரின் பேச்சை உடனே கேட்க வேண்டியதில்லை. முதலில் கிளட்ச் ஒயில் கிண்ணத்தின் மட்டத்தைப் பாருங்கள். சில கார்களில் பிரேக்குக்கும் அதுவே கிண்ணம் என்பதால், மட்டம் குறைந்திருந்தால் காரை ஓட்டாதீர்கள்.

ஒயில் குறைந்திருந்தால் கசிவு எங்கோ இருக்கிறது. பெடலுக்கு மேலே, பெடலின் தள்ளுதண்டு, ஒயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவுங்கள். ஈரம் பட்டால் பழுது அங்கேதான். அது காய்ந்திருந்தால், கியர்பெட்டியருகே, அந்த அழுத்தத்தால் கிளட்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் றப்பர் உறையை மெதுவாக விலக்குங்கள். உள்ளே தேங்கிய கறுத்த ஒயில் வழிந்தால், ஒயிலைத் தடுக்கும் றப்பர் சீல் தேய்ந்துவிட்டது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலோரத்தில் நிற்கும் வாகனங்களில் குழாய் இணைப்புகளின் துருவையும் பார்ப்பது நல்லது.

கசிவே இல்லாமல், மிதித்துப் பிடித்த பெடல் மெல்ல மெல்ல அமிழ்ந்தால், பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின் உட்சீல் ஒயிலைப் பின்னால் விடுகிறது. பலமுறை மிதித்தபின் பெடல் இறுகினால் காற்று புகுந்திருக்கலாம். அதை வெளியேற்ற, ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் ஸ்லேவ் சிலிண்டரின் காற்றுத் திருகைத் திறந்து, பெடலை விடுமுன் மூடி, குமிழி நிற்கும்வரை தொடரவேண்டும்.

கையேட்டில் குறித்த டொட் 3 அல்லது டொட் 4 வகை பிரேக் ஒயிலையே ஊற்றுங்கள். எஞ்சின் ஒயில் றப்பரை ஊதவைத்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், பெயின்ட் உரியும்.