கும்பாபிஷேகக் கல்லை நம்பி வயது எழுதாதீர்கள்: புனிதத்தல ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத்துப் பிள்ளைகள் ஆய்வுக் கட்டுரை என்றால் என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. படிவம் ஆறு, கல்லூரி, எப்போதாவது முதுகலை. "உலக மதங்களின் யாத்திரைத் தலங்கள்" என்ற தலைப்பு அடிக்கடி வரும். மக்கா ஓர் அத்தியாயம், காசி ஓர் அத்தியாயம், லூர்து ஓர் அத்தியாயம், கடைசியில் ஊருக்கு மரியாதையாகப் பக்கத்து ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில். தலைப்பில் குறையில்லை. எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில் இவர்களும் வரிசையாகச் சறுக்குவதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

இணையத்தில் இருப்பதை அப்படியே ஒட்டாதே, கைப்பேசிக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு போ, கோயிலுக்கு அரைக்கால் சட்டையோடு போகாதே. இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை, வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள்.

நாள்காட்டி பார்க்காமல் பயணம் போடுவது

2023இல் ஒரு மாணவி புத்தரின் விசாகக் கொண்டாட்டத்தைத் தாய்லாந்தில் நேரில் பார்த்து எழுதலாம் என்று ஹாட்யாய்க்கு வேன் பிடித்துப் போனாள். நம் பொது விடுமுறையான மே 4ஆம் தேதியைக் கணக்கு வைத்துக்கொண்டாள். அந்த ஆண்டு தாய்லாந்தில் விசாகம் ஜூன் 3. புத்தர் ஒருவர்தான், பௌர்ணமி நாள்தான், ஆனால் அங்கே அது சந்திரக் கணக்கில் ஒரு மாதம் கூடுதலாக வந்த ஆண்டு. விகாரையில் இரண்டு பிக்குகள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்களாம்.

ஹஜ் முழுக்கச் சந்திரக் கணக்கு. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். 2024இல் ஜூன் நடுவில் நடந்தது, 2030இல் ஏப்ரலுக்கு வந்துவிடும். "ஹஜ் கோடைக்காலத்தில் நடைபெறும்" என்று எழுதிவைத்தால் சில ஆண்டுகளில் அந்த வரி பொய்யாகிவிடும். தைப்பூசம் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11. ஜெருசலேமில் 2024இல் மேற்கத்தியத் திருச்சபைகளின் ஈஸ்டர் மார்ச் 31, கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 5. மறு ஆண்டு இரண்டும் ஒரே நாளில் வந்தன. எந்தக் கணக்கில் அந்தத் திருநாள் வருகிறது என்பதை முதலில் எழுதுங்கள், தேதியை அதன் பிறகு.

பளிங்குக் கல்லில் இருக்கும் ஆண்டைக் கோயிலின் வயதாக எழுதுவது

இதற்குத்தான் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும்.

வாசலில் நுழைந்ததும் சுவரில் ஒரு கறுப்புப் பளிங்குக் கல் இருக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர், திறந்துவைத்த பிரமுகர், கும்பாபிஷேக நாள், எல்லாம் தங்க எழுத்தில். பிள்ளைகள் அதைப் படம் எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். கட்டுரையில் "இவ்வாலயம் 1998ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது" என்று ஒரு வரி வந்துவிடும்.

கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது மரபு. கையில் காசு இல்லையென்றால் இருபதுகூட ஆகும். ஒவ்வொரு முறையும் புதுக் கல் பதிப்பார்கள். பழைய கல் மடப்பள்ளிக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும், அல்லது அதன்மேல் யாராவது துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் படம் எடுத்தது கடைசிக் கல்லை.

அதிலும் தோட்டக் கோயில் என்றால் வயது ஒன்றல்ல, நான்கு. சாமி எப்போது வந்தது, இந்த இடத்துக்கு எப்போது வந்தது, இந்தக் கட்டடம் எப்போது எழுந்தது, சங்கப் பதிவு எப்போது கிடைத்தது. நான்குக்கும் நான்கு ஆண்டு வரும். முதலில் மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், ஓர் அகல்விளக்கு. அப்புறம் தகரக் கொட்டகை. அப்புறம் கிராணியும் (தோட்ட எழுத்தர்) கங்காணியும் (ஆட்களின் மேற்பார்வையாளர்) தோட்டத் துரையிடம் பேசி, ஆட்களின் சம்பளத்தில் மாதாமாதம் கோயில் சந்தா பிடித்து, செங்கல் கட்டடம். 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் வந்து பல பெரிய தோட்டங்கள் சிறு துண்டுகளாகக் கைமாறின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, வந்தது. பல தோட்டங்களில் லயத்தோடு (தொழிலாளர் வரிசை வீடுகளோடு) சேர்ந்து சாமியும் இடம் மாறியது.

எங்கள் பக்கத்தில் ஒரு கோயிலுக்கு இது நேர்ந்தது. பெயர் வேண்டாம். ஒரு பையன் அந்தக் கல்லைப் பார்த்து ஆண்டு எழுதினான். யாரோ நம்மைப் பற்றி எழுதியிருக்கிறார்களே என்ற மகிழ்ச்சியில் நிர்வாகம் அதை அப்படியே திருவிழா மலரில் போட்டது. சில ஆண்டு கழித்து நில விவகாரம் வந்தபோது மனுவோடு அந்த மலரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். எதிர்த் தரப்பு அதையே எடுத்துக் காட்டியது: "நீங்களே சொல்லியிருக்கிறீர்களே, வீடமைப்புத் திட்டம் வந்த பிறகுதான் கோயில் வந்தது என்று." அந்தக் கூட்டம் முடிந்து வெளியே வந்த ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: "நான் வாக்கப்பட்டு இந்தத் தோட்டத்துக்கு வந்தப்பவே ஆத்தா இங்கதான்யா இருந்தா. எந்தப் படிச்ச புள்ள என்னைக் கேட்டுச்சு?"

யாரும் கேட்கவில்லை. அந்த ஒற்றை வரியைத் திருத்தப் பட்டபாடு கொஞ்சமல்ல. பழைய சம்பளச் சீட்டில் கோயில் சந்தா கழித்த வரியைத் தேடினோம். கல்யாணப் பத்திரிகைகள் பெரிய உதவி: "தோட்டத்து ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தில்" என்று இடமும் தேதியும் அச்சாகி இருக்கும், இரும்புப் பெட்டியின் அடியில் சேலைகளுக்குக் கீழே பத்திரமாக இருக்கும். எல்லாவற்றையும்விடப் பாத்திரங்கள். நம்மவர்கள் உபயம் கொடுத்தால் பெயர் வெட்டாமல் கொடுப்பார்களா? அந்தக் கோயிலின் பித்தளைக் குத்துவிளக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், அடிப்பாகத்தில் புள்ளிப் புள்ளியாக உளியால் வெட்டிய எழுத்து. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பாதி மழுங்கிவிட்டது. விரலால் தடவித்தான் படித்தோம்: உபயம், ஒரு பெண்ணின் பெயர், லயத்து நம்பர், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வருவதற்கு முந்தைய ஓர் ஆண்டு. பையன் அந்த விளக்குக்குப் பக்கத்தில் நின்றுதான் கல்லைப் படம் எடுத்திருந்தான்.

தோட்டக் கோயில்தானே, பெரிய தலங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று நினைக்க வேண்டாம். 1630 வாக்கில் மக்காவில் வெள்ளம் வந்து கஅபாவின் சுவர்கள் இடிந்தன. உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் காலத்தில் மறுபடி எழுப்பப்பட்ட கட்டடமே பெரும்பாலும் இன்று நிற்பது. அதற்காகக் கஅபாவின் வயது நானூறு ஆண்டு என்று யாராவது எழுதுவார்களா? ஜெருசலேமின் திருக்கல்லறை ஆலயம் 335இல் நேர்ந்தளிக்கப்பட்டது, 1009இல் தரைமட்டமானது, திரும்பக் கட்டப்பட்டது, 1808இல் தீயில் சேதமானது. அமிர்தசரஸ் பொற்கோயிலை 1762இல் ஆப்கானிய மன்னர் அப்தாலியின் படை வெடிவைத்துத் தகர்த்தது. பொன்தகடு சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங் காலத்தில் வந்தது. புத்தகயாவில் இப்போது நிழல் தரும் போதிமரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நட்டது. ஜப்பானின் இசே ஆலயத்தில் பழமை என்பதே புதுப்பிப்பில்தான் இருக்கிறது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டி இறைவியைக் குடிமாற்றுவார்கள். கடைசியாக நடந்தது 2013இல், அடுத்தது 2033இல்.

நம் பினாங்கு தண்ணிமலைக்கு வாருங்கள். 513 படி ஏறிப் போனால் மேலே இருப்பது 2012இல் கும்பாபிஷேகம் கண்ட கோயில். தண்ணிமலை முருகன் வழிபாடு 19ஆம் நூற்றாண்டிலிருந்து வருவது. பீடோங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மெர்போக் அருங்காட்சியகத்தில் பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்காலக் கோயில் அடித்தளங்கள் வரிசையாக இருக்கின்றன அல்லவா? புக்கிட் பத்து பகாட் கோயில் மட்டும் தன் சொந்த இடத்தில் நிற்கிறது. மற்றவை வேறு இடங்களிலிருந்து கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. இதைக் கவனிக்காமல், "கடாரத்து மன்னர்கள் ஒரே மலையடிவாரத்தில் அடுத்தடுத்துக் கோயில்கள் எழுப்பினர்" என்று எழுதிய கட்டுரை என் மேசையில் கிடக்கிறது. 2013இல் சுங்கை பத்து தோட்டத்தில் ஒரு சண்டி (பழங்காலக் கோயில் இடிபாடு) இயந்திரம் வைத்துத் தள்ளப்பட்டு நாடே பேசியது. அந்த இடத்துக்கு இன்று போய் அளந்தால் என்ன கிடைக்கும்?

எதிர்ப்பக்கம் சாய்வதும் உண்டு. தலபுராணம் "யுகங்களுக்கு முன்" என்றால் அதையே ஆண்டாக்கிவிடுவது. புராணம் சொல்வதைப் புராணமாகவே எழுதுங்கள். "என்று நம்புகிறார்கள்" என்ற இரண்டு சொல் போதும், சாமி கோபித்துக்கொள்ளாது.

கருவறையைப் படம் எடுப்பது

வேண்டாம். அனுமதி கொடுத்தாலும் வேண்டாம்.

ஒரு தலத்துக்கு ஒரு மதம் என்று பெட்டி போடுவது

அட்டவணை போடும் ஆசையில் வருவது. கைலாயத்தை "இந்து" வரிசையில் போட்டுவிட்டால் பௌத்தரும் சமணரும் திபெத்தின் பழைய மதமான போன் மதத்தவரும் எங்கே போவார்கள்? 6,638 மீட்டர் உயரமுள்ள அந்த மலையை இந்துக்களும் பௌத்தரும் வலமாகச் சுற்ற, போன் மதத்தவர் இடமாகச் சுற்றுகிறார்கள். இலங்கையின் சிவனொளிபாதமலை உச்சியில் இருக்கும் பாதச்சுவடு பௌத்தருக்குப் புத்தருடையது, நமக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை எல்லாரும் ஒன்றாகத்தான் ஏறுகிறார்கள்.

ஜூலை 26ஐ ஒட்டிப் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் ஆலயத்துக்குப் போய் நின்று பாருங்கள். 2019இல் சிறு பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட கத்தோலிக்க ஆலயம் அது. மெழுகுவத்தி ஏற்றும் வரிசையில் நெற்றியில் திருநீறோடு எத்தனை பேர் என்று பாருங்கள். பினாங்கு நாகூர் தர்காவும் அப்படித்தான். செம்பனைக் காட்டோரம் சிவப்புப் பூசிய சின்ன மாடத்தில் டத்தோ கோங் என்ற காவல் தெய்வத்தை வைத்துச் சீனர் கும்பிடுகிறார்கள். அதில் பல இடங்களில் அவர் சொங்கோக் தொப்பி போட்ட மலாய்ப் பெரியவர். பன்றி இறைச்சி படைக்கக் கூடாது. இதை எந்த வரிசையில் போடுவீர்கள்? வரிசையை அழித்துவிட்டு, யார் யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று எழுதுங்கள்.

எல்லா யாத்திரையையும் "கடமை" என்பது

ஹஜ் கடமை; அதுவும் உடலாலும் பொருளாலும் இயன்றவருக்கு, வாழ்நாளில் ஒருமுறை. அந்த அளவுகோலை மற்றவற்றின்மேல் வைக்க முடியாது. தைப்பூசக் காவடி நேர்த்திக்கடன்: கேட்டது கிடைத்தது, எடுக்கிறார்கள். பௌத்தத்தில் லும்பினி, புத்தகயா, சாரநாத், குசிநகர் நான்கையும் காணத்தக்க இடங்களாகப் புத்தரே சொன்னதாக மகாபரிநிப்பான சூத்திரம் என்ற பௌத்த நூல் கூறுகிறது. போகாதவருக்குக் குற்றம் இல்லை. குருநானக் தீர்த்த யாத்திரைச் சடங்கையே கேள்வி கேட்டவர். ஆனாலும் அமிர்தசரஸில் கூட்டம் ஓய்வதில்லை. யூதருக்கு ஆண்டில் மூன்று திருநாட்களில் ஜெருசலேம் ஏறிப் போவது கட்டளையாக இருந்தது. கி.பி. 70இல் ஆலயம் அழிந்தபின் அந்தக் கட்டளைப்படி பலி செலுத்த இடமில்லாமல் போனது. ஐந்தும் ஐந்து விதம். "கட்டாயமா: ஆம்/இல்லை" என்ற கட்டத்தில் இவற்றை அடைக்க முடியவில்லை என்றால் குற்றம் கட்டத்தின்மேல்.

எண்ணிக்கையை ஒப்பிடுவது

2024 ஹஜ்ஜுக்கு வந்தவர்கள் 18 லட்சத்து 33 ஆயிரத்து 164 பேர் என்று சவூதி அரசு சொன்னது. அனுமதிச் சீட்டு வைத்துத் தலையெண்ணிய கணக்கு. ஸ்பெயினின் சாந்தியாகோ கிறித்தவ யாத்திரையின் கணக்கு சான்றிதழ் வாங்கியவர்களின் கணக்கு. கடைசி 100 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும், சைக்கிள் என்றால் 200. பேருந்தில் வந்து கும்பிட்டவர் அதில் இல்லை. பத்துமலைத் தைப்பூசத்துக்குச் சொல்லப்படும் லட்சங்கள் கண்ணளவு மதிப்பீடு. மூன்றையும் ஒரே வரைபடத்தில் உயரமும் குட்டையுமாக நிறுத்தி, "எது பெரிய யாத்திரை?" என்று தலைப்பு வைப்பதை நிறுத்துங்கள்.

தலைவரிடம் மட்டும் பேசுவது

அவர் பதவிக்கு வந்து எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். அப்புறம் பூக்கட்டுகிற அம்மாவிடம் போங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் வாசித்துக் காட்டாமல் இருப்பது

கட்டுரையின் பிரதியைக் கோயிலுக்குக் கொடுப்பது நல்ல பழக்கம். அதற்கு முன்பாக, சம்பந்தப்பட்ட பெரியவர்களை உட்காரவைத்துச் சத்தமாக வாசியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். அண்மையில் ஒரு பெண் அப்படி வாசித்தாள். முதல் பக்கத்திலேயே கங்காணியின் பெயர் மாறியது, பெரட்டுக்களம் (காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம்) கோயிலுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று இரண்டு கிழவிகளுக்குள் சண்டை வந்தது. அவள் இரண்டு பேர் சொன்னதையும் எழுதிக்கொண்டாள்.