மலையக நகரங்களில் மைதானமும் பூங்காவும் திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்துச் சிறு நகரங்களில் மைதானம், சிறுவர் பூங்கா, வாசிகசாலை, உள்ளக அரங்கு என்று எதற்காவது திட்டம் எழுத வரும் இளையவர்களோடு நான் அடிக்கடி உட்கார வேண்டியிருக்கிறது. பிரதேச சபை, நகர சபைகளில் புதிதாகச் சேர்ந்தவர்கள், தொண்டு நிறுவனங்களில் வேலை செய்பவர்கள், ஆய்வுக்கு வரும் பல்கலைக்கழகப் பிள்ளைகள். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் முன்னால் வந்தவர்கள் விட்ட அதே பிழைகளைத்தான் இவர்களும் விடுகிறார்கள். வரவுசெலவைச் சரியாகப் போடாதது, மக்களிடம் கேட்காதது போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல பிள்ளைகளும் நம்பிக்கையோடு போய் விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

வரைபடத்தில் வட்டம் போடுவது

ஹட்டன் டவுனுக்கு நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி மூன்று கிலோமீற்றர் வட்டம். டிக்கோயாவில் இன்னொன்று, நோர்வூட்டில் இன்னொன்று. வட்டத்துக்குள் விழுந்த இடத்துக்கெல்லாம் ‘வசதி போதும்’ என்று எழுதிவிடுகிறார்கள். எந்த வட்டத்துக்குள்ளும் விழாத இடத்தில் புதிய பூங்கா. கணினியில் இரண்டு நிமிட வேலை. இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பணம் எந்த ஊருக்குப் போகும் என்பதை இந்த வட்டம்தான் முடிவு செய்கிறது.

சமதரையில் வட்டம் ஓரளவு உண்மை சொல்லும். இங்கே சொல்லாது. மஸ்கெலியாவை எடுங்கள். 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய டவுன் தண்ணீருக்குள் போய், இன்றைய டவுன் மேலே எழும்பியது. இக்கரையில் நின்றால் அக்கரைத் தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், கண்ணெதிரே தெரியும். வரைபடத்திலும் பக்கம்தான். ஆனால் போவதென்றால் கரையைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் ரோட்டில்தான் போகவேண்டும். காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கமும் இதே நிலைமைதான். தண்ணீர் இல்லாத இடத்தில் பள்ளம் இருக்கும்.

ஒரு திட்டத்தில், டவுன் ஓரத்துச் சிறுவர் பூங்கா ஒன்று பக்கத்துத் தோட்டத்து மேற்பிரிவுக்கும் சேர்த்துத்தான் என்று காட்டியிருந்தார்கள். நேர்கோட்டில் ஒரு கிலோமீற்றர்கூட வராது. திட்டம் எழுதிய பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த வழியே நடந்தோம். லயத்து வாசலிலிருந்து தேயிலைக்குள்ளால் இறங்கும் மண்படி, அப்புறம் ஓடை, ஓடையைத் தாண்ட இரண்டு மரக்கட்டைகள், அதற்கப்பால் மறுபடியும் ஏற்றம். மழை பெய்து விட்டிருந்த நேரம். கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது, அட்டை வேறு. எங்களுக்கே மூச்சு வாங்கியது. லயத்தில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு அம்மா கேட்டார்: “போறது சரி தம்பி, இருட்டுறதுக்குள்ள பிள்ளைகளோட எப்படித் திரும்பி வர்றது?”

அவர் கேட்டதைத்தான் அளக்கவேண்டும். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு வந்து சேர ஐந்து மணி ஆகிவிடும். ஆறரைக்குள் இருட்டிவிடும், மழைக்காலத்தில் அதற்கு முன்பே மூட்டம் இறங்கிவிடும். கையில் இருப்பது ஒன்றரை மணித்தியாலம். அதில் போக நாற்பது நிமிடம், ஏறி வர ஐம்பது நிமிடம் என்றால் பிள்ளை விளையாட எது நேரம்? அந்தப் பூங்கா அந்தப் பிரிவுக்கு இல்லை. அறிக்கையில் அப்படித்தான் எழுதவேண்டும்.

ஆகவே வட்டத்தை விட்டுவிட்டு லயத்திலிருந்து தொடங்குங்கள். தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வரி. நடந்து போக எவ்வளவு நேரம், வர எவ்வளவு நேரம் என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், ஏற்றமும் இறக்கமும் ஒன்றல்ல. பஸ் ஓடுகிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை ஓடுமா, இரண்டு பிள்ளைகளோடு போய்வர எவ்வளவு செலவு என்பதையும் சேருங்கள். நேர அட்டவணையை நம்பாமல் கண்டக்டரிடம் கேளுங்கள். பஸ் இல்லாத இடத்தில் ஆட்டோக்காரர் என்ன கேட்பார் என்பதும் வேண்டும். ஒரு நாள் கூலியில் பாதி ஆட்டோவுக்குப் போகும் என்றால் அங்கே இலவசப் பூங்காவும் இலவசமில்லை.

இவற்றை வைத்து வரைந்தால் வட்டம் வராது. விரித்த விரல்கள் போல ரோட்டோரமாக நீண்டு, ஏற்றம் வந்த இடத்தில் சட்டென்று நின்றுவிடும். இன்னொன்றும் தெரியவரும்: காகிதத்தில் ஒரு சபைக்கு உரிய தோட்டம், பஸ் போகும் திசையால் பக்கத்து டவுனோடு சேர்ந்துவிடும். கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையில், நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையில் இது சாதாரணம். பக்கத்துப் பக்கத்து நகரங்களுக்குத் திட்டமிடுகிறோம் என்றால் முதலில் தெரியவேண்டியது இதுதான்.

வட்டத்தால் வரும் நட்டம் கட்டிய காசோடு நிற்பதில்லை. யாரும் வராத பூங்காவில் ஊஞ்சல் துருப்பிடித்துப் போகும். நாலைந்து வருடம் கழித்து அதே தோட்டத்து மக்கள் தங்களுக்கு ஒரு விளையாட்டிடம் கேட்டுப் போனால், ‘பக்கத்தில் கட்டிக்கொடுத்ததையே நீங்கள் பாவிக்கவில்லையே’ என்ற பதில்தான் வரும். பிழை வரைந்தவருடையது, பழி அந்த மக்கள் மேல்.

பக்கத்து ஊரைப் பார்த்து அப்படியே போடுவது

பண்டாரவளையில் ஒரு புல் மைதானம் அழகாக இருக்கிறது, அதே வரைபடத்தை ஹட்டனுக்கும் கொண்டுவரலாம் என்பார்கள். உயரத்தில் இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மழையில் ஒன்றல்ல. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் பதிவாகும் இடங்கள் உண்டு. பண்டாரவளையில் அதில் பாதிகூட வராது, அங்கே கனத்த மழை ஒக்டோபருக்குப் பிறகுதான். மேற்குச் சரிவில் வடிகால் இல்லாத புல்தரை ஜூனில் சேறாகிவிடும், பாடசாலை விளையாட்டுப் போட்டி கிட்டினால் நேரே டவுன் மண்டபத்தைத் தேடி ஓடவேண்டிவரும். இந்தப் பக்கத்தில் காசு குறைவாக இருந்தால், பெரிய புல்தரையைவிட ஒரு சின்ன கொங்கிரீட் தளமும் மேலே தகரக் கூரையும் வருடத்தில் கூடுதலான நாட்களுக்கு உதவும்.

நுவரெலியாவைக் கணக்கில் சேர்ப்பது

விக்டோரியா பூங்காவும் கிரகரி வாவியும் டிக்கெட் எடுத்துப் போகும் இடங்கள். ஏப்ரல் சீசனில் உள்ளூர்க்காரருக்கு அங்கே நிற்க இடம் கிடைக்காது. பக்கத்து நானுஓயாப் பிள்ளைகளின் பின்னேர விளையாட்டுக்கு அவற்றைக் காட்டாதீர்கள்.

சபைப் பதிவேட்டை மட்டும் நம்புவது

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைகள் நிதி செலவிடத் தடையாக இருந்தது. 2018இல்தான் திருத்தம் வந்தது. ஆகவே பழைய பதிவேடுகளில் தோட்டத்துக்குள் இருப்பது எதுவும் இருக்காது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம், கோயில் மண்டபம், தேயிலையைப் பிடுங்கிப் பையன்கள் தாங்களே சமப்படுத்திய கரப்பந்துத் திடல் எல்லாம் நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். தோட்டக் காணி 1992க்குப் பிறகு கம்பனிகளிடம் குத்தகையில் இருக்கிறது, எனவே அந்தத் திடலை நாளைக்கு வேறு தேவைக்கு எடுத்துவிடுவார்களா என்பதையும் தோட்டத்துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

புள்ளிவிபரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 2018 தேர்தலோடு அம்பகமுவ பிரதேச சபை அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்று மூன்றானது. நுவரெலியா பிரதேச சபையிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் பிரிந்தன. பழைய அறிக்கையில் ‘அம்பகமுவ’ என்று இருக்கும் எண்ணிக்கையை இன்றைய அம்பகமுவவோடு ஒப்பிட்டால் ஏதோ மக்கள் ஊரைவிட்டுப் போய்விட்ட மாதிரித் தெரியும்.

பிழையான ஞாயிற்றுக்கிழமையில் எண்ணுவது

சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிறு டவுன் நிரம்பி வழியும், மாதக் கடைசியில் காலி. சிவனொளிபாதமலை சீசன் டிசம்பரிலிருந்து மே வரை, அப்போது ஹட்டனில் நிற்பவர்களில் பலர் யாத்திரிகர்கள். இரண்டு வகை ஞாயிறும் எண்ணுங்கள், சீசனுக்கு வெளியேயும் எண்ணுங்கள்.

மைதானம் என்றதும் கிரிக்கெட்டை மட்டும் நினைப்பது

கூட்டத்துக்கு வந்து பேசுபவர்கள் இளைஞர் கழகத்துப் பையன்கள். அவர்கள் கேட்பது பெரிய கிரவுண்ட். கேட்பதில் பிழையில்லை. ஆனால் அதே பிரிவில் வலைப்பந்து ஆடிய பெண்பிள்ளைகள் பாடசாலையை விட்டதும் பந்தைத் தொடாமலேயே போய்விடுகிறார்கள். வலைப்பந்துக்கு 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் போதும், கரப்பந்துக்கு 18க்கு 9. ஓரத்தில் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டாலும் பல பெரட்டுக்களங்களில் அடங்கிவிடும். லயத்துக்குப் பக்கத்தில், வெளிச்சத்தோடு, கழிப்பறையோடு அப்படி ஒன்று இருந்தால் தாய்மாரும் பிள்ளைகளை விடுவார்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். துணி துவைக்கும் பீலியடியில் கேட்டால் மண்டபத்தில் வராத பதில் வரும். வேலையை விட்ட வயதானவர்களுக்குக் கூரையோடு ஒரு திண்ணை, கரம் போர்டு ஒன்று, பத்திரிகை ஒன்று. இதற்கு ஆகும் செலவு சொற்பம், ஆனால் நான் பார்த்த திட்டங்களில் அநேகமாக இருப்பதேயில்லை.

சரிவை வெட்டி முழு அளவு மைதானம்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கைக்கு வராமல் பெக்கோவை (மண் வெட்டும் இயந்திரத்தை) கூப்பிடவே கூடாது.

பக்கத்துச் சபையோடு பேசாமல் இருப்பது

ஒரே ரோட்டில் மூன்று டவுனும் தனித்தனியாகச் சிறுவர் பூங்கா கட்டி, ஒன்றிலும் நீச்சல் தடாகமோ உள்ளக அரங்கோ இல்லாமல் போவது இதனால்தான்.

சாவியைப் பற்றி எழுதாமல் விடுவது

பாடசாலை மைதானங்கள் பல பின்னேரமும் விடுமுறையிலும் பூட்டிக் கிடக்கின்றன. புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கு முன்னால், அதிபரோடும் வலயக் கல்விப் பணிமனையோடும் பேசி இவற்றைத் திறக்க முடியுமா என்று பாருங்கள். உடைந்தால் யார் திருத்துவது என்பதையும் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள், அதிபர்களின் பயம் அதுதான். கட்டுவதாக முடிவானால், காவலாளியின் சம்பளத்தைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். அவருடைய வேலை நேரத்தையும் எழுதுங்கள். அலுவலக நேரத்தைப் பார்த்து 4.15க்குப் பூட்டினால், ஐந்து மணிக்கு மலையிலிருந்து வருபவர் அந்தப் பூங்காவுக்குள் ஒருநாளும் கால் வைக்க மாட்டார். திங்கள், செவ்வாய் மூடி வைத்தாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கவும் மற்ற நாட்களில் இருட்டும் வரையும் திறந்திருக்கட்டும்.