தோல் பையில் பூசணமா?

நம் குமரி மாவட்டத்துக்கு ஆண்டில் 2 பருவமழை. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று வேறு. அலமாரியில் வைத்த விலை உயர்ந்த தோல் பையில் வெள்ளையாகப் பூசணம் பூக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பதறிப்போய் உச்சி வெயிலில் போடாதீர்கள், தோல் விறைத்து வெடித்துவிடும். வாசலில் வைத்து உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். அப்புறம் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒரு முறை. நிழலில், காற்றோட்டமாக ஒரு நாள் காயட்டும்.

பிறகு லெதர் கண்டிஷனர், அதாவது தோல் வறளாமல் காக்கும் பூச்சு. அடிப்பக்கத்தில் கொஞ்சமாகத் தடவி, நிறம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். நான் ஒரு பர்ஸில் தடவிப் பார்த்தேன்: கறுத்துப்போய், பிசுபிசுவென்று, சில நாளில் சிக்கு வாடை!

பையைப் பிளாஸ்டிக் கவரில் கட்டாமல் பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்.