ஏர் ரைபிள் பெல்லட்டும் காற்றும்: வடசென்னையில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஆர்வம் கொண்டு வரும் இளைஞர்களில் பலர், வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் மீண்டும் மருந்து நிரப்பி வீட்டிலேயே தோட்டா செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார்கள். செய்யக் கூடாது என்பதே பதில். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் வைத்திருப்பதும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம்; வெடிமருந்தைக் கையாள்வதற்கு 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் தனியே இருக்கிறது. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், ஒரே கூட்டில் மருந்து இரண்டு முறை விழுந்துவிட்டாலோ, ஒரு வகை மருந்துக்குப் பதிலாக வேறு வகை கலந்துவிட்டாலோ துப்பாக்கியே சுடுபவரின் முகத்துக்கு அருகில் வெடிக்கும். மேலும், 50 மீட்டர் போட்டிகளில் பயன்படும் .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருப்பதால், அதை மறுபடி நிரப்புவது நடைமுறையில் ஆகாத காரியம். எனவே தொடக்கநிலையில் இருப்பவருக்கு அந்தக் கேள்வியே எழ வேண்டியதில்லை.

ஆனால் 10 மீட்டர் ஏர் ரைபிளிலும் ஏர் பிஸ்டலிலும் நிலைமை வேறு. இங்கே குண்டும் அதை உந்தும் விசையும் ஒரே கூட்டில் அடைக்கப்பட்டு வருவதில்லை. குண்டு, டப்பாவில் வரும் காரீயத் துண்டாகிய பெல்லட். விசை, சிலிண்டரில் நாமே நிரப்பும் காற்று. இரண்டையும் தேர்ந்தெடுத்து, சோதித்து, நிரப்பி, பாதுகாக்கும் பொறுப்பு சுடுபவருடையது. மருந்து இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடுவதுதான் புதியவர்களிடம் அதிகம் காணப்படும் தவறு. காரீயம் உடலுக்குள் போகும் வழியும், 200 பார் அழுத்தக் காற்று (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) வெளியேறும் வழியும் சரியாகப் புரிந்த பிறகே துப்பாக்கியைத் தொட வேண்டும்.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்கான ஏர் ரைபிள் ஏறத்தாழ ஏழரை ஜூல் ஆற்றலோடுதான் சுடும். வாங்கும்போது அடையாளச் சான்று கொடுத்து, ரசீதைப் பெற்று, அதன் நகலைத் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது. திருவொற்றியூரிலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ எழும்பூரில் உள்ள சென்னை ரைபிள் கிளப்புக்கு மெட்ரோவில் போய்வருவது எளிது; ஆனால் துப்பாக்கிப் பெட்டியோடு போனால் நிலையப் பரிசோதனையில் தடுத்து நிறுத்தப்படுவீர்கள். தொடக்கத்தில் கிளப்பின் துப்பாக்கியிலேயே பழகுவதும், சொந்தத் துப்பாக்கி வாங்கிய பின் அதை உறையிலிட்டு வீட்டு வாகனத்தில் கொண்டுபோவதும் தொல்லையில்லாத வழிகள்.

பெல்லட்டைத் தேர்ந்தெடுத்தல்

போட்டிக்கான பெல்லட் தட்டையான தலை கொண்டது. காகித இலக்கில் வட்டமான, சுத்தமான துளை விழுவதற்காகவே அந்த வடிவம். கூர்முனைப் பெல்லட்டுகள் விளையாட்டுக்கு உரியவை அல்ல. ரைபிளுக்கு ஏறத்தாழ 0.53 கிராம், பிஸ்டலுக்கு ஏறத்தாழ 0.45 கிராம் எடையுள்ளவை வழக்கத்தில் உள்ளன. டப்பாவின் மேல் தலையின் விட்டமும் குறிக்கப்பட்டிருக்கும்: 4.48 முதல் 4.52 மி.மீ. வரை நுண்ணிய வேறுபாடுகளில் கிடைக்கும். எந்த விட்டம் சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொன்று பொருந்தும். ஆர்.டபிள்யூ.எஸ்., எச் அண்ட் என், ஜே.எஸ்.பி. போன்ற நிறுவனங்களின் டப்பாக்களில் உற்பத்தித் தொகுதி எண்ணும் இருக்கும். ஒரு தொகுதி உங்கள் குழலுக்குப் பொருந்திவிட்டால் அதே எண்ணில் சில டப்பாக்களைச் சேர்த்து வாங்கிவைப்பது, விலையுயர்ந்த வேறொரு பிராண்டுக்குத் தாவுவதைவிடப் பயன் தரும்.

பொருத்தம் பார்ப்பதற்கு, ரைபிளை மேசையில் அசையாமல் பிடித்துவைக்கும் பிடிமானத்தில் பொருத்தி, 10 மீட்டரில் ஒரே இலக்கில் பத்துக் குண்டுகள் சுட்டு, துளைக் கூட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளக்க வேண்டும். ஒரு பெல்லட்டின் துளையே நாலரை மி.மீ. என்பதால், பத்தும் சேர்ந்து ஆறு மி.மீ.க்குள் அடங்கினால் அந்தப் பெல்லட்டை நம்பலாம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றலாம். ரைபிள் இலக்கில் 10 மதிப்பெண் தரும் பத்தாம் வளையம் 0.5 மி.மீ. விட்டமுள்ள புள்ளி; ஒரு குண்டுக்கு 10.9 வரை மதிப்பெண் தரும் தசமக் கணக்கில் 0.1 மதிப்பெண் என்பது 0.25 மி.மீ. விலகலுக்குச் சமம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வென்றது இந்த அளவுகோலில்தான். பிஸ்டல் இலக்கில் பத்தாம் வளையம் 11.5 மி.மீ.; அங்கே பெல்லட்டின் சிறு வேறுபாடு மதிப்பெண்ணில் அவ்வளவாகத் தெரியாது. அதனால் பிஸ்டலில் தொடங்குபவர் பெல்லட்டுகளை ஒவ்வொன்றாக எடை பார்த்துப் பிரிக்கும் வேலையை முற்றிலும் தள்ளிப்போடலாம். ரைபிளில் தொடங்குபவரும், துப்பாக்கியைப் பிடிக்கும் நிலையும் மூச்சும் சீராகும் வரை அதைத் தள்ளிப்போடலாம் என்பதே என் கருத்து. கை நடுங்கும் காலத்தில் பெல்லட்டை எடை போடுவது வீண் உழைப்பு.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால், முதலில் கண்ணால் பாருங்கள். பெல்லட்டின் பின்பக்க விளிம்பு காகிதம்போல் மெல்லியது. டப்பா ஒருமுறை தரையில் விழுந்தாலே அது நசுங்கிவிடும். நசுங்கியவற்றைப் பயிற்சியின் தொடக்கச் சுடுதலுக்கு ஒதுக்குங்கள். நகத்தால் நெம்பிச் சரிசெய்ய முயலாதீர்கள். அடுத்து எடை. சமையலறைத் தராசு இதற்கு ஆகாது. நூறில் ஒரு கிராம் காட்டும் தராசும் போதாது. ஆயிரத்தில் ஒரு கிராம் வரை காட்டும் நகைத் தராசு வேண்டும். சௌகார்பேட்டையின் நகைத் தொழில் வட்டாரத்தில் விசாரித்தால் சோதனை எடைக்கல்லோடு சேர்த்து வாங்கலாம். தராசைச் சமதளத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, எடைக்கல்லால் சரிபார்த்த பிறகே தொடங்க வேண்டும். விசிறி ஓடினால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். அதிகம் கிடைக்கும் எடையிலிருந்து 0.003 கிராமுக்கு மேல் விலகியவற்றைத் தனியே எடுத்துவைத்தால் போதும்.

பெல்லட்டுக்கு எண்ணெய் பூசுவது நம் ஊரில் காணப்படும் இன்னொரு பழக்கம். சிலிண்டருக்குப் பதிலாக ஸ்பிரிங்கின் விசையால் காற்றை அழுத்திச் சுடும் துப்பாக்கியில் தையல் இயந்திர எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ பூசிய பெல்லட்டைப் போட்டால், காற்று அழுந்தும்போது எழும் வெப்பத்தில் எண்ணெய் தீப்பற்றி, டீசல் எஞ்சினில் நடப்பதே குழலுக்குள் நடக்கும். குண்டின் வேகம் எதிர்பாராமல் கூடும். அடைப்பு வளையங்கள் கருகும். ஸ்பிரிங் உடையவும் கூடும். உலர்ந்த பெல்லட்டே பாதுகாப்பானது.

காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு மலிவாகக் கிடைக்கிறதே, உருக்கி அச்சில் ஊற்றினால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். வீட்டு அடுப்பிலேயே அந்தச் சூடு வந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. உருகும் உலோகத்தின் புகையும், மேலே மிதக்கும் கசடின் தூளும் அடுப்பங்கரையில் படிந்து சோற்றோடு சேரும். ஒரு சொட்டு நீர் பட்டாலும் உருகிய காரீயம் தெறிக்கும். இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் குண்டு போட்டித் தரத்துக்கு அருகில்கூட வராது.

காரீயத்தை உடலுக்குள் விடாமல் இருத்தல்

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கருவில் உள்ள சிசுவையும் அது முதலில் பாதிக்கும். தோல் வழியாக அது எளிதில் புகாது. விரலிலிருந்து வாய்க்கும், தூசியிலிருந்து மூச்சுக்கும்தான் போகும். ஆகவே சுடும் இடத்தில் தேநீர், வடை, பாக்கு எதுவும் கூடாது. பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கம் ஒருபோதும் கூடாது. முடித்தவுடன் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கையும் முகமும் கழுவ வேண்டும். கிருமிநாசினி ஜெல் காரீயத்தைப் போக்காது. சட்டைப்பையில் உதிரிப் பெல்லட் வைத்திருந்தால், அந்தச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

கடற்காற்று வீசும் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் திறந்து வைத்த டப்பாவுக்குள் பெல்லட்டின் மேல் வெண்ணிறப் பொடி படிவதைக் காணலாம். அது காரீயம் காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து உண்டாக்கும் படிவு. பெல்லட்டின் அளவைக் கெடுப்பதோடு, பளபளப்பான உலோகத்தைவிட எளிதாக விரலில் ஒட்டும். அப்படிப் பூத்த டப்பாவை ஊதிப் பார்க்காமல் மூடி ஒதுக்கிவிடுங்கள். புதியவற்றைச் சிலிக்கா ஜெல் பையோடு, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், வினிகர் போன்ற புளித்த ஆவி வரும் பொருள்களுக்கு எட்டாத இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துப் பூட்டலாம்.

காற்றை நிரப்புதல்

போட்டித் துப்பாக்கிகளின் சிலிண்டர் பொதுவாக 200 பார் வரை நிரப்பப்படும். சிலிண்டரின் மேல் தயாரிப்புத் தேதி பொறிக்கப்பட்டிருக்கும். போட்டித் துப்பாக்கி நிறுவனங்கள் பெரும்பாலும் பத்து ஆண்டுகளை அதன் ஆயுளாகக் குறிக்கின்றன. செல்லுபடித் தேதியைக் கவனிக்க வேண்டியவர் விளையாட்டு வீரரே என்பது சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் விதி. பழைய துப்பாக்கியை மலிவாக வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது குழலையல்ல, இந்தத் தேதியை.

நிரப்புவதற்குக் உயரழுத்தக் கைப்பம்பு, நீருக்கடியில் மூழ்குவோர் பயன்படுத்தும் ஸ்கூபா சிலிண்டர், உயரழுத்தக் கம்ப்ரசர் ஆகிய மூன்றும் ஏற்றவை. வாகனங்களுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரால் இந்த அழுத்தத்தை எட்ட முடியாது. வடசென்னையில் குறிப்பாகச் சொல்லவேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு: மண்ணடியிலும் துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளிலும் வெல்டிங் பட்டறைகள் நிறைய இருப்பதால், அங்குள்ள ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பித் தருவதாக நல்லெண்ணத்தோடு யாரேனும் சொல்லக்கூடும். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அழுத்தமான ஆக்ஸிஜன், துப்பாக்கிக்குள் உள்ள சிறிதளவு கிரீஸையோ ரப்பர் வளையத்தையோ சந்தித்தால் தானாகவே தீப்பற்றி வெடிக்கும்.

காற்றை மெதுவாக விட வேண்டும். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகி, அழுத்தமானி அதிகமாகக் காட்டி, ஆறியபின் இறங்கும். நம் ஊரின் ஈரப்பதத்தில் கைப்பம்பு நிறையத் தண்ணீரையும் உறிஞ்சும் என்பதால் ஈரம் பிடிக்கும் வடிகட்டி அவசியம். இல்லையேல் உட்புறம் அரிக்கும். நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடக் கூடாது: 30 டிகிரியில் 200 பாராக இருந்தது, 60 டிகிரியில் ஏறத்தாழ 220 பாராகிவிடும். பல மாதிரிகளில் அழுத்தம் 70 பாருக்கு அருகே இறங்கினால் குண்டின் வேகம் குறையத் தொடங்கும்; கையேட்டில் உள்ள எல்லைக்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.

சுடும் இடம்

பெல்லட்டின் தட்டைத் தலை முன்னோக்கியும், குழிந்த பக்கம் பின்னோக்கியும் போக வேண்டும். தலைகீழாகப் போட்டுவிட்டாலோ, ஏற்கெனவே ஒன்று உள்ளே இருக்க இன்னொன்றை நுழைத்துவிட்டாலோ, குழலை இலக்கை நோக்கியே வைத்தபடி பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். சுடாத நேரமெல்லாம் குழலுக்குள் வண்ண நைலான் இழை செருகியிருக்க வேண்டும். இரு முனையிலும் அது தெரிந்தால்தான் உள்ளே பெல்லட் இல்லை என்று மற்றவர்கள் நம்ப முடியும்.

வீட்டில் பயிற்சி செய்ய விரும்புபவர்கள் மொட்டைமாடியை மறந்துவிட வேண்டும். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் இடையே கைநீட்டும் தூரம்தான். தவறிய ஒரு பெல்லட் பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணைப் பறிக்கப் போதுமானது. பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ளே நீண்ட நடை கொண்ட வீடுகளில் 10 மீட்டர் உள்ளேயே கிடைக்கும்; ஆனால் இலக்குப் பக்கம் திறக்கும் கதவுகள் எல்லாவற்றையும் உள்ளிருந்து தாழிட முடிந்தால் மட்டுமே அது சுடும் இடமாகும். போட்டி விதிப்படி இலக்கின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இலக்குக்குப் பின்னால், சாய்த்துப் பொருத்திய எஃகுத் தகடு கொண்டு குண்டைப் பிடிக்கும் பொறிப்பெட்டி இல்லாமல் சுவரை நம்பக் கூடாது. செங்கலிலும் கான்கிரீட்டிலும் பெல்லட் எதிர்பாராத திசையில் திரும்பும். பார்ப்பவர் உட்பட எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

பொறிப்பெட்டியைச் சுற்றிப் படியும் சாம்பல்நிறத் தூள் காரீயமே. அதை விளக்குமாற்றால் கூட்டினால் காற்றில் எழும். ஈரத் துணியால் துடைத்து, துணியை நெகிழிப்பையில் கட்டி ஒதுக்குங்கள். நசுங்கிய பெல்லட்டுகளை மாநகராட்சிக் குப்பையில் போட்டால் அவை கொடுங்கையூர்க் கிடங்கில் போய்ச் சேரும். மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, டப்பாவின் மேல் ‘காரீயம்’ என்று எழுதி, கிளப்பில் ஏற்றுக்கொண்டால் அங்கேயும், இல்லையென்றால் உலோகக் கழிவு வாங்குபவரிடம் என்ன பொருள் என்று சொல்லியும் கொடுக்கலாம்.