கணவரின் பழைய கடனுக்கு உங்கள் ரீஃபண்ட் போக வேண்டியதில்லை

கல்யாணத்துக்கு முன்பே என் கணவர் அமெரிக்க அரசிடம் வாங்கிய கல்விக் கடன் தவணை தவறிக் கிடந்தது. இருவரும் சேர்ந்து டாக்ஸ் ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) போட்டோம்; ரீஃபண்ட், அதாவது கூடுதலாகப் பிடித்த வரியில் திரும்பி வர வேண்டிய பணம், முழுவதும் அந்தக் கடனுக்கே போய்விட்டது. அதில் பெரும்பகுதி என் சம்பளத்தில் பிடித்த வரி. அந்தப் பங்கைத் திரும்பக் கேட்கத்தான் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) படிவம் 8379 இருக்கிறது. கேளுங்கள், இது சலுகை இல்லை, உங்கள் பணம்.

கல்விக் கடன் மட்டுமல்ல. துணைவரின் பழைய வரிப் பாக்கி, முன்னாள் மனைவிக்கோ குழந்தைக்கோ தரவேண்டிய ஜீவனாம்சப் பாக்கி ஆகியவற்றுக்கும் ரீஃபண்டைப் பிடிப்பார்கள். எல்லாவற்றுக்கும் இதே படிவம்தான். ஆனால் அந்தக் கடனுக்கு நீங்களும் சட்டப்படி பொறுப்பாளியாக இருக்கக் கூடாது. 8857 என்று இன்னொரு படிவம் உண்டு. துணைவர் ரிட்டர்னில் காட்டிய தவறான கணக்கால் உங்கள் தலையில் வரி விழுந்தால் அது. இதற்கு அதைப் போடாதீர்கள்.

பிடிப்பார்கள் என்று முன்பே தெரிந்தால் ரிட்டர்னோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள். வரி அல்லாத கடன் ரீஃபண்டில் பிடிக்கும் பட்டியலில் இருக்கிறதா என்று அமெரிக்க நிதித்துறையின் 800-304-3107 எண்ணில் துணைவரே கேட்டுப் பார்க்கலாம். காகிதத்தில் அனுப்பினால் ரிட்டர்னின் முதல் பக்கத்தின் இடது மேல் மூலையில் 'இஞ்சர்ட் ஸ்பௌஸ்' (Injured Spouse, துணைவரின் கடனால் பாதிக்கப்பட்டவர்) என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பணம் பிடித்த பிறகுதான் தெரிந்ததா? சரி, படிவத்தைத் தனியாக அனுப்பலாம். இருவருடைய டபிள்யூ-2 (வேலை கொடுப்பவர் தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்று) நகல்களையும், வரி பிடித்திருந்தால் 1099 (மற்ற வருமானத்துக்கான சான்று) நகல்களையும் வையுங்கள். ரிட்டர்ன் நகல் வேண்டாம். தனியாக அனுப்பும்போது உங்கள் கையெழுத்து மட்டும் போதும். வீட்டில் இதைப் பேசவே தயங்குகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நிதானமாகச் செய்ய வேண்டியது படிவத்தின் மூன்றாம் பகுதி. ரிட்டர்னில் உள்ள தொகையை உங்களுக்கும் அவருக்கும் பிரிக்க வேண்டும். சம்பளம் யாருடையதோ அவர் பக்கம். பிடித்த வரியும் டபிள்யூ-2 காட்டுகிறபடியே. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் (வருமானத்தில் கழிக்கும் நிலையான தொகை) பொதுவாக ஆளுக்குப் பாதி. தனித்தனியாக ரிட்டர்ன் போட்டிருந்தால் குழந்தையை யார் காட்டியிருப்பாரோ, அவருக்கே குழந்தைக்கான வரிச் சலுகை. படிவத்தின் ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு பங்கும் கூட்டினால் ரிட்டர்ன் தொகை வர வேண்டும்.

டெக்சாஸ், கலிஃபோர்னியா, வாஷிங்டன் உட்பட ஒன்பது மாநிலங்களில் கல்யாணத்துக்குப் பின் வரும் சம்பாத்தியம் பொதுவாக இருவருக்கும் சொந்தம். அங்கே ஐஆர்எஸ் மாநிலச் சட்டப்படி பங்கு போடும். உங்கள் கணக்கை விடக் குறைவாக வரலாம்.

படிவத்தைப் பரிசீலிக்க, தனியாக அனுப்பினால் சுமார் 8 வாரம், ரிட்டர்னோடு ஆன்லைனில் 11, காகிதத்தில் 14. கடன் தீரும்வரை ஒவ்வொரு வருடமும் புதிதாகப் போட வேண்டும். மாநில ரீஃபண்டுக்கு இந்தப் படிவம் செல்லாது. அதை மாநில வரி அலுவலகத்தில் தனியே கேளுங்கள்.