கையெழுத்துப் போடும் முன்: கூலிப் பேச்சுக்குப் போகும் தோட்டத்துத் தங்கச்சிகளுக்கு

27 வருஷம் மூணாறு மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். அதில் 9 வருஷம் யூனியன் கமிட்டியில் இருந்தேன். இப்போது புதுசாகக் கமிட்டிக்கு வந்திருக்கிற பிள்ளைகள், "அக்கா, லேபர் ஆபீசில் போய் என்ன பேசணும்?" என்று கேட்கிறார்கள். பேச்சைப் பிறகு பார்க்கலாம். முதலில் சம்பளத் துண்டுகளைச் சேருங்கள்.

ஒரு வீட்டுத் துண்டு போதாது. கொழுந்து எடுப்பவள், ஃபாக்டரியில் நிற்பவர், மருந்தடிப்பவர், தற்காலிக ஆள் என்று ஆளுக்கு 12 மாசத் துண்டு வேண்டும். கொழுந்து கூடுகிற மாசமும் காய்கிற மாசமும் அதில் வந்துவிடும். எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ, அடிக்கிலோவுக்கு (நாள் கூலிக்குக் கட்டாயம் எடுக்க வேண்டிய கிலோ) மேல் எவ்வளவு காசு, என்னென்ன பிடித்தம் என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள். "கட்டுபடியாகவில்லை சார்" என்றால் ஆபீசர் தலையாட்டுவார். ஒருத்தி ஜனவரியில் கையில் வாங்கிய தொகையைக் காட்டினால் பேனாவை எடுப்பார்.

கோரிக்கையைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு ஆபீசுக்குத் தமிழில் எழுதக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நம் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம் போய், 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுகிற சமரச அதிகாரி 45 நாளுக்குள் பேச்சை முடிக்க வேண்டும். ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுத்திருந்தால் 14 நாள். முடியாமல் போனால், அவருடைய அறிக்கை கைக்கு வந்த 90 நாளுக்குள் நாமே தீர்ப்பாயத்துக்கு மனு போடலாம். அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள்.

இரண்டு தரப்பும் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் நடுவரிடமும் போகலாம். அங்கே உயிர்நாடி, எதைத் தீர்க்கச் சொல்லி எழுதுகிறோம் என்பதுதான். "கூலி உயர்வு" என்று மட்டும் எழுதினால், லயத்துக் கூரை (தோட்டத்தில் நாம் குடியிருக்கிற வரிசை வீட்டுக் கூரை) ஒழுகுவதை நடுவர் தொடமாட்டார். அடிக்கிலோ, வீடு, ஆஸ்பத்திரி, எந்தத் தேதியிலிருந்து பாக்கி, எல்லாவற்றையும் தனித்தனி வரியாக ஏற்றுங்கள். பாக்கித் தேதியை மறந்தால் மாசக்கணக்கில் பணம் போகும்.

பணத்துக்கு வைக்கிற பெயரையும் கவனியுங்கள். 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்று ஒன்றுசேர்ந்த தோட்டத்துப் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்து 20% வாங்கினார்கள். தாளில் அது 8.33% போனஸ், 11.67% கருணைத்தொகை. சட்டம் கட்டாயமாகக் கொடுக்கச் சொல்கிற குறைந்தபட்ச போனஸ் அந்த 8.33%தான். மற்றதை ஒவ்வொரு வருஷமும் திரும்பக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கோபத்தில் யாரும் ராஜினாமா எழுதாதீர்கள். கொச்சி ஏர்போர்ட்டில் வேலை செய்கிற என் தம்பி மகன் சொன்ன கதை இது. 1989-ல் ஆஸ்திரேலியாவில் உள்நாட்டு விமானப் பைலட்டுகள் 29.47% உயர்வு கேட்டார்கள். கிடைக்கவில்லை. காலை 9-லிருந்து மாலை 5 வரைதான் ஓட்டுவோம் என்றார்கள், அப்புறம் மொத்தமாக ராஜினாமா கொடுத்தார்கள். கம்பெனிகள் புது ஆள் எடுத்துக்கொண்டன. பலருக்குப் பழைய வேலை திரும்பவில்லை. பைலட்டுக்கே அந்தக் கதி. நமக்கு வேலை போனால் லயத்து வீடும் போகும்.

கடைசியாக, நான் செய்த தப்பு. ஒரு ஒப்பந்த நாளில் பேச்சு முடிய ராத்திரி ஆகிவிட்டது. தாள் முழுக்க மலையாளம். எனக்குப் பேச வரும், வாசிக்க வராது. "கூலி 9 ரூபாய் கூடுது" என்றார்கள், கையெழுத்துப் போட்டேன். மாசக் கடைசியில் துண்டைப் பார்த்தால், அடிக்கிலோவில் 3 கிலோ ஏற்றியிருந்தார்கள். மேல்கிலோவுக்கு 2 ரூபாய் கணக்கில் கொழுந்து உள்ள நாளில் 6 ரூபாய் போச்சு. எங்களுக்கு நின்றது 3 ரூபாய். பக்கத்து வீட்டு மதினி அந்தத் துண்டை என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். இன்றைக்கும் அது நெஞ்சில் கிடக்கிறது.

அதனால் மலையாளம் படித்த நம் பிள்ளை ஒருத்தியைக் கூட்டிப் போங்கள். வரிக்கு வரி சத்தமாக வாசித்துத் தமிழில் சொல்லட்டும், ஒவ்வொரு எண்ணையும் நோட்டோடு ஒத்துப் பாருங்கள். வாசிக்க ஆள் இல்லையென்றால் அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம். அடுத்த தேதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.